பத்து வருடம் ஓடாமல் நிற்கும் பழைய காரை வீட்டிலேயே ஸ்ராட் பண்ண முடியுமா?

தாத்தாவின் கார் பத்து வருடமாகக் கொட்டிலில் நிற்கிறது, கராஜுக்குக் கட்டி இழுக்காமல் வீட்டிலேயே எழுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுப்பலாம். ஆனால் புதுப் பற்றரி வாங்கி வந்து திறப்பைத் திருப்புவதுதான் முதல் வேலை என்று நினைத்திருந்தால், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

வவுனியாவில் எங்கள் வீட்டில் நின்றது மாமாவின் மொறிஸ் மைனர். 1960ஆம் ஆண்டுக் கார், 948 சிசி எஞ்சின். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் வவுனியாவுக்கு வந்தது. 2011இல் மாமா காலமானதோடு அதுவும் நின்றுவிட்டது. 2023இல் நான் மூடியிருந்த படங்கை இழுத்தபோது சீற்றுக்குள் எலிக்கூடு, புகைக்குழாய் வாயில் குளவி கட்டிய மண்.

பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பழைய மெக்கானிக் அண்ணையைக் கூட்டிவந்தேன். அவர் பற்றரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஹாண்டில் கிடக்கோ தம்பி?" என்றுதான் கேட்டார். முன்பக்கத்தில் செருகிக் கையால் சுற்றும் இரும்புக் கம்பி. காலக்கணக்கில் நின்ற எஞ்சினில், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஸ்ராட்டர் மோட்டர் அதைப் பார்க்காது, முரட்டுத்தனமாகச் சுற்றும், ரிங் உடையும். கை அப்படியல்ல. எங்கே இறுகுகிறது என்று கைக்குத் தெரியும்.

எங்களுடையது அசையவே இல்லை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஓயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளைக்குள்ளும் மூன்று தேக்கரண்டி விட்டோம். துணியால் அடைத்துவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் காலை ஹாண்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஹாண்டிலில் பைப்பைச் செருகி நெம்பலாமா என்று கேட்டேன், அண்ணை கையைத் தட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் முழுச் சுற்று வந்தது. பிளக் துளைகளின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டுச் சுற்றினால், செங்காவி நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வந்து ஒட்டியது. துணியில் எண்ணெய் மட்டும் படும்வரை சுற்றிக்கொண்டே இருந்தோம்.

பழைய ஓயில் தார் மாதிரி இருந்தது. இரவு முழுக்க வடியவிட்டு, ஃபில்ரரும் மாற்றி, 20டபிள்யூ-50 விட்டோம். நாலு லீற்றர் கான் ஒன்று போதும். ரேடியேற்றரில் நல்ல தண்ணீர் விட்டு ஹோஸ் கசிகிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த வயர்களை மாற்றாமல் பற்றரி பூட்டவே வேண்டாம்.

பற்றரியில் ஒரு விஷயம். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, சேர்வது பிளஸ், மைனஸ் அல்ல. இன்றைய பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் சிக்கல்தான். ஆனால் உங்கள் காரை யாராவது இடையில் மாற்றி வயர் பண்ணியிருக்கவும் கூடும், ஆகவே நிச்சயப்படுத்திக்கொண்டு பூட்டுங்கள். பிளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்ராட்டரைச் சுற்றி, ஓயில் அழுத்தம் வந்ததைக் காட்டும் ஓயில் லைற் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால்தான் அடுத்த வேலை.

பிளக்குகளுக்குப் பொறி வரத் திறந்து மூடும் தொடுமுனைகளான பொயின்ற்ஸை நுண்ணிய எமரித் தாளால் துடைத்து, இடைவெளியை 15 தௌசுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீற்றருக்கு வைத்தோம். நல்ல நீலப் பொறி வந்தது.

இனிப் பெற்றோல். தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை எஞ்சினுக்குக் காட்டவே கூடாது. அது வார்னிஷ் மணக்கும், அடியில் துரு கிடக்கும். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் பனங்கட்டிப் பாகு மாதிரி ஒன்று உறைந்திருந்தது. கழுவி, காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டொக்' என்று தானாக விழும்வரை துடைத்தோம். தாங்கியைக் கழற்றுவதற்கு முன் எஞ்சின் ஓடுமா என்று பார்க்க அண்ணை செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. வெறும் சேலைன் போத்தலில் புதுப் பெற்றோல் விட்டு, பொனற்றில் கட்டித் தொங்கவிட்டு, குழாயை நேரே காபரேற்றருக்குக் கொடுத்தார்.

வன்னியில் அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சேலைன் போத்தலில் இருந்து சொட்டுப் பெற்றோல் கொடுத்து ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாமா அப்படித்தான் அந்தக் காரை எத்தனையோ வருடம் ஓட்டினார். அவரது காரை அதே முறையில் எழுப்பியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நீங்கள் செய்யும்போது சரியான பெற்றோல் ஹோஸையே பாவியுங்கள், சேலைன் குழாய் பெற்றோல் பட்டால் விறைத்துப்போகும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாம் முறை பிடித்தது. பத்து நிமிடம் கொட்டில் முழுக்க நீலப் புகை, பிறகு தெளிந்தது. மாமி குசினியில் இருந்து ஓடிவந்து, "அவரே வந்த மாதிரிக் கிடக்கு" என்றா.

சத்தம் கேட்ட சந்தோஷத்தில் நான் கியரைப் போட்டு முற்றத்தில் இறக்கப் பார்த்தேன். அண்ணை திறப்பைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே பிறேக் லைன்தான். எங்காவது ஒரு றப்பர் வாஷர் விட்டுக்கொடுத்தால் மிதி தரையைத் தொடும், நாலும் ஒன்றாகப் போய்விடும். வருடக்கணக்கில் நின்ற காரில் அந்த றப்பர்கள் எல்லாம் செத்திருக்கும். மிதியை அழுத்தினால் பிறேக் ஓயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் சில்லுகளுக்கும் வேண்டிய வாஷர்களைக் கொழும்பில் இருந்து எடுப்பிக்க இரண்டு மாதம் போயிற்று. வெடித்திருந்த ரயர்களையும் அதற்குள் மாற்றினோம். பூட்டி முடித்த அன்றுதான் அண்ணை திறப்பை என் கையில் தந்தார்.