மும்பைக்குக் கேசினோ வேண்டுமா?

கேள்வி: மகாராஷ்டிர சட்டமன்றம் 1976-இல் நிறைவேற்றி, கடைசிவரை நடைமுறைக்கே வராமல் கிடந்த கேசினோ சட்டத்தை 2023-இல் நீக்கிவிட்டார்கள். இங்குள்ளவர்கள் எப்படியும் கோவாவுக்குப் போய் ஆடத்தான் செய்கிறார்கள், அந்தப் பணம் மும்பையிலேயே தங்கினால் வரியும் வேலையும் கிடைக்குமே என்கிறார் என் மைத்துனர். அவருக்கு என்ன பதில் சொல்வது?
— வாசகர், மாட்டுங்கா

பதில்: வரி கிடைக்கும் என்பது உண்மைதான். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், கோவாவும் சிக்கிமும் தத்தம் சட்டப்படி கேசினோக்களை அனுமதித்து வருவாய் ஈட்டுகின்றன. ஆனால், தன் மாநிலத்தவர் கேசினோவுக்குள் ஆடப் போகக் கூடாது என்று 2020-இல் அதே கோவா அரசுதான் தடை விதித்தது. அங்கே தோற்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். கடனும் சண்டையும் அவர்களுடனேயே அவரவர் ஊருக்குப் போய்விடுகின்றன. மும்பையில் கேசினோ வந்தால், தோற்றவர் மின்சார ரயிலேறிச் செம்பூருக்கோ தாராவிக்கோதான் திரும்புவார். வரி அரசின் கணக்கில் ஏறும். விற்ற நகையையும் கட்டாமல் விட்ட பள்ளிக் கட்டணத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

கேசினோவின் வருமானம் அதிர்ஷ்டத்தை நம்பியது அன்று என்பதையும் அவருக்கு விளக்குங்கள். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டம் ரூலட். அந்தச் சக்கரத்தில் 37 எண்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வைப்பவர் 3,700 ரூபாய் கட்டி 3,600 ரூபாயைத் திரும்பப் பெறுவார். ஒரு சுற்றில் சிறிதாகத் தெரியும் இந்த 100 ரூபாய், விடிய விடிய ஆடுகிறவரின் மாதச் சம்பளத்தையே அரித்துவிடும்.

சட்டப்படி அனுமதித்தால் கள்ளச் சூது ஒழியும் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலையை வைத்துத் தொடங்கிய மட்கா என்னும் கள்ள எண் சூது, இந்நகரின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் எப்படி வேரூன்றியது என்பதைப் பழைய மும்பைவாசிகள் அறிவார்கள். எண்ணுக்குப் பத்து ரூபாய் கட்டுகிறவர் நட்சத்திர ஓட்டலின் கேசினோவுக்குப் போகப் போவதில்லை. அதற்கென்று புதிதாக வேறு ஒரு கூட்டம்தான் உருவாகும். சிங்கப்பூர் கேசினோக்களை அனுமதித்தபோதும், குடிமக்களிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கவும், குடும்பத்தார் விண்ணப்பித்தால் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் சேர்த்தே ஏற்பாடு செய்தது. அத்தகைய வேலி எதுவும் இல்லாதிருந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது சரியே.

கேள்வி: என் தம்பி மூன்று முறை சத்தியம் செய்தும் ஆட்டத்தை விடவில்லை. இது திமிரா, நோயா?
— வாசகி, தாராவி

பதில்: நோய்தான், அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்ட அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது. அவருடைய கடனை நீங்கள் அடைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த ஆட்டத்துக்குத்தான் வழி பிறக்கும். ஆகவே, சம்பளமும் ஏடிஎம் அட்டையும் சிறிது காலம் வீட்டார் பொறுப்பில் இருக்கட்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ இன்றே அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.