வாசிலியெவ்ஸ்கி தீவில் அறை எடுக்கலாமா?

வணக்கம். ஜூன் கடைசியில் அம்மாவுடன் 4 நாள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அங்கே வாசிலியெவ்ஸ்கி தீவில் அறை மலிவு, திங்கட்கிழமை ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகம் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தத் திங்களை மாற்றுங்கள். அன்று ஹெர்மிட்டாஜுக்கு விடுமுறை. அதற்குப் பதில் நகருக்கு வெளியே உள்ள பீட்டர்ஹோஃப் அரண்மனை வளாகத்துக்குப் போகலாம். அங்கே அரண்மனை மூடியிருக்கும், ஆனால் பூங்கா திறந்திருக்கும். சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும். பம்ப் கிடையாது, மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் நீரின் வேகம்தான்!

தீவு அறையில் ஒரு சிக்கல். கப்பல்கள் போக, தீவை நகர மையத்தோடு இணைக்கும் நேவா ஆற்றுப் பாலங்களை நள்ளிரவுக்குமேல் தூக்கிவிடுவார்கள். இரவிலும் முழுதாக இருட்டாத 'வெள்ளை இரவு' காலம் என்பதால் நீங்களும் வேடிக்கை பார்க்கப் போவீர்கள். நான் போனபோது அரண்மனைப் பாலம் பிளந்து எழுவதை வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், என் அறை அக்கரையில்! விடியும்வரை படித்துறையில் குளிரில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவோடு அது வேண்டாம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நகர மையத்தில் நெவ்ஸ்கி சாலைப் பக்கமே எடுங்கள். தீவுதான் என்றால் பாலத்தைத் தீவுக் கரையில் நின்றே பாருங்கள்.

அப்புறம், நம்மூர் வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எதுவும் அங்கே செல்லாது. டாலரோ யூரோவோ நோட்டாகக் கொண்டுபோய் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் எடுத்துவையுங்கள், ஜூன் என்று நம்பிவிடாதீர்கள்.