டிக்கி பார்: கேள்வி பதில்

கேள்வி: பசிபிக் தீவுகளின் சாயலில் அலங்கரித்து, ரம் கலந்த பானங்களைத் தரும் டிக்கி பார் என்ற மதுக்கூடம் ஹவாயிலிருந்து வந்த மரபா?

பதில்: இல்லை, அது கலிபோர்னியாவில் பிறந்தது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபில் முதல் மனிதனின் பெயர் டிக்கி. மரத்தில் செதுக்கும் மனித உருவத்தையும் அப்பெயராலேயே குறிப்பார்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியதை ஒட்டி, தென்கடல் தீவுகளைச் சுற்றி வந்திருந்த எர்னஸ்ட் கேன்ட் ஹாலிவுட்டில் மூங்கிலும் மீன்வலையும் கொண்டு அலங்கரித்த சிறிய மதுக்கூடம் ஒன்றைத் திறந்தார். அது 'டான் தி பீச்கோம்பர்' என்று புகழ்பெற்றது. அவரும் தம் பெயரை டான் பீச் என மாற்றிக்கொண்டார்.

கேள்வி: டிக்கி பாரில் நான் குடித்த 'மை தாய்' என்ற ரம் பானத்தில் அன்னாசிச் சாறுதான் தூக்கலாக இருந்தது. அதன் சுவையே அதுதானா?

பதில்: உங்களுக்குக் கிடைத்தது மை தாயே அல்ல என்பேன். 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 'ட்ரேடர் விக்' என்று அறியப்பட்ட விக்டர் பெர்ஜெரான் 17 ஆண்டுகள் பழுத்த ஜமைக்கா ரம்மைக் கொண்டு அதை உருவாக்கியபோது அன்னாசிக்கு அதில் இடமே இல்லை. 1953இல் அந்தப் பானம் ஹவாய் ஹோட்டல்களுக்குச் சென்ற பிறகே பழச்சாறுகள் சேர்ந்தன. 60 மில்லி ரம், 30 மில்லி எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு குராசோ என்ற ஆரஞ்சுச் சுவை மதுவும் ஓர்ஷா எனப்படும் பாதாம் சிரப்பும் தலா 15 மில்லி, 7.5 மில்லி சர்க்கரைப் பாகு: இவ்வளவுதான். பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, உள்ளங்கையில் ஒருமுறை தட்டிய புதினாக் கொத்தை அருகில் செருகினால், குடிப்பவரின் மூக்குக்கு முதலில் எட்டுவது அந்தப் புதினா மணம்தான்.

கேள்வி: வீட்டில் அதே அளவில் கலந்தும் சப்பென்று இருக்கிறதே?

பதில்: பாட்டில் சாற்றை விட்டுவிடுங்கள், எலுமிச்சையை அன்றன்றே பிழிய வேண்டும். அடுத்தது ஐஸ். கெட்டித் துணிப்பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு மரச்சுத்தியலால் நொறுக்குங்கள். இந்தப் பானங்களின் அளவு, நொறுங்கிய ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரையும் கணக்கில் வைத்தே வகுக்கப்பட்டது. அலங்காரம் எவ்வளவு விளையாட்டாக இருந்தாலும் அளவில் விளையாடக் கூடாது.

கேள்வி: டான் பீச்சின் 'ஜோம்பி' பானம் ஒருவருக்கு இரண்டு மட்டும் என்ற விதி விளம்பரத்துக்காகவா?

பதில்: விளம்பரத்துக்கும் அது உதவியது, ஆனாலும் காரணம் உண்மையானது. மூன்று வகை ரம் சேரும் அதில் ஒன்றின் மதுச்செறிவு 75.5 சதவீதம். இனிப்பும் குளிர்ச்சியும் அந்தக் காரத்தை மறைத்துவிடுவதால், குடிப்பவருக்கு அளவு தெரியாமல் போகிறது. போட்டியாளர்கள் திருடாதபடி டான் பீச் தம் கலவைகளுக்குச் சங்கேதப் பெயர்களைச் சூட்டியிருந்தார். 'டான்ஸ் மிக்ஸ்' என்பது இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறும் ஒரு பங்கு இலவங்கப்பட்டைப் பாகும் என்பதை டிக்கி பானங்களின் வரலாற்றை ஆராயும் ஜெஃப் பெர்ரி பல ஆண்டுகள் தேடிக் கண்டறிந்த பிறகே 1934ஆம் ஆண்டின் ஜோம்பி மீண்டது.

கேள்வி: சாப்பிட என்ன கிடைக்கும்?

பதில்: பெரும்பாலும் அமெரிக்க முறைக்கு மாறிய சீன உணவு. நண்டும் க்ரீம் சீஸும் வைத்துப் பொரித்த கிராப் ரங்கூன், கோழி ஈரலைப் பேக்கன் என்ற பன்றியிறைச்சித் துண்டில் சுற்றிய ருமாகி, இவற்றையெல்லாம் நடுவில் சிறு அடுப்புடன் அடுக்கிய பூபூ தட்டு. நால்வர் சுற்றி அமர்ந்து பங்கிட்டுச் சாப்பிட ஏற்றவை.

கேள்வி: மலேசியாவிலிருந்து கேட்கிறேன் ஐயா. எங்கள் பக்கத்துப் பானம் எதுவும் இதில் உண்டா?

பதில்: உண்டு. ஜங்கிள் பேர்ட் என்ற பானம் 1970-களில் கோலாலம்பூர் ஹில்டனின் ஏவியரி பாரில் உருவானது. அன்னாசியின் இனிப்பைக் காம்பாரி என்ற இத்தாலிய மதுவின் கசப்பு தாங்கிப் பிடிக்கும் அழகுக்காகவே, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கேள்வி: டிக்கி பார்களில் பிறருடைய தெய்வ உருவங்களைக் கோப்பையாக்குவது சரியா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. மூங்கில், பூ, மழைச்சத்தம் ஆகியவற்றாலேயே அந்தச் சூழலை உருவாக்க முடியும். பெயர் வெளியே வராமல் உழைத்த பிலிப்பைன்ஸ் பார்டெண்டர்களையும் நாம் பேச வேண்டும். டான் பீச்சிடம் வேலை பார்த்த ரே புயென் 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டிக்கி-டி' மதுக்கூடத்தை இன்றும் அவருடைய குடும்பத்தாரே நடத்துகிறார்கள்.