கடிக்கிற குட்டியைப் பயிற்சிக்கு அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மூன்று வாரம் முன்பு புரோக்கர் மூலமாக ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். ‘45 நாள் ஆச்சு, ஒரு ஊசி போட்டாச்சு’ என்று சொல்லிக் கொடுத்தார். வந்த நாளிலிருந்து கை, கால், நைட்டி ஓரம் என்று எதையும் விடாமல் கடிக்கிறது. 9 வயது மகன் கை முழுக்கக் கீறல். போன வாரம் ஒரு இடத்தில் ரத்தமே வந்துவிட்டது. ஊசி முடியும்வரை வெளியே விடக் கூடாது என்றார்கள், அதனால் மாடி அறையிலேயே வைத்திருக்கிறோம். பயிற்சியாளர் ஒருவர், ‘இது முரட்டுக் குட்டி, 4 மாசம் என் இடத்தில் விட்டால்தான் அடங்கும்’ என்கிறார். 40,000 ரூபாய் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். உங்கள் குட்டி முரடு இல்லை. அது குழந்தை; அதுவும் தாயிடமிருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்ட குழந்தை. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை.

ரத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனதாக எழுதவில்லை. போகவில்லை என்றால் இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். ‘வீட்டுக் குட்டிதானே, பால் பல்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் குட்டிக்கு வெறிநோய் ஊசி 3 மாதத்தில்தான் போடுவார்கள், இன்னும் போட்டிருக்க முடியாது. அதன் தாய்க்குப் போட்டிருந்தார்களா, புரோக்கர் கைக்கு வருமுன் அது எந்த நாய்களோடு கிடந்தது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. இனிமேல் தோல் கிழிந்தால் உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். ஒரு முறை முழுக் கோர்ஸ் போட்டுவிட்டால் அப்புறம் கடிபடும்போது தேவைப்படும் ஊசிகள் குறைவு. ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி குட்டிக்கு வருவோம். நாய்க்குட்டிக்கு ஊசி மாதிரி 28 பால் பற்கள். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டாவது வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். இந்தப் பற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அது படிக்கிற பள்ளிக்கூடம் கூடப் பிறந்த குட்டிகள்தான். ஒன்று ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். பால் குடிக்கும்போது கடித்தால் தாய் எழுந்து போய்விடும். நூறு தடவை இப்படி நடந்த பிறகுதான் ‘மெதுவாக வாய் வைத்தால் விளையாட்டு தொடரும்’ என்பது அதற்குப் புரிகிறது. இந்தப் பாடம் பெரும்பாலும் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் நடக்கிறது. உங்கள் குட்டி அந்த வகுப்பில் பாதியில் எழுப்பப்பட்டு, காற்றுக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

45 நாள் என்பதையே நான் நம்பவில்லை. கால்நடை மருத்துவரான என்னிடம் ‘45 நாள் குட்டி’ என்று கொண்டுவருபவற்றின் வாயைத் திறந்து பார்த்தால் பல சமயம் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மாதம் ஆகியிருந்தால் அதிகம். ஒரு மாதக் குட்டி பஞ்சுப் பொம்மை மாதிரி இருக்கும், பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் தீனிச் செலவு, குடல் பூச்சி மருந்து, ஊசிச் செலவு, நடுவில் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் மொத்தக் குட்டிகளும் போய்விடும் என்ற பயம். அதனால் தள்ளிவிடுகிறார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனியாக விதிகள் கொண்டுவந்தது. 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்கும் முன் தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும். ஆக, 45 நாள் என்பது உண்மையாகவே இருந்தாலும் அந்த விற்பனை விதியை மீறியதுதான்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை சந்தையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 30 நாள் குட்டிகள் வெளிப்படையாகக் கைமாறுகின்றன. கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்கள் ‘புகார் வந்தால் பார்க்கலாம்’ என்கிறார்கள். ஆசையாக வாங்கிய குடும்பம் எங்கே புகார் கொடுக்கும்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புரோக்கர்கள் வைத்திருக்கிற வார்த்தைகளும் தெரிந்துகொள்ளுங்கள், உங்களைப் பார்த்து உறவினர் யாராவது வாங்கப் போவார்கள். ‘டபுள் போன்’ என்பார்கள். எந்த நாய்க்கும் எலும்பு இரட்டையாக இருக்காது. கால் தடிமனாக இருக்கிறது, அவ்வளவுதான். கொழுகொழு வயிற்றைக் காட்டுவார்கள். மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் அது குடல் புழு. ‘கேசிஐ சர்டிபிகேட் பின்னாடி வரும்’ என்பார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் அந்தச் சான்றிதழ் வந்தாலும் வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல. தாயைக் காட்டச் சொல்லுங்கள். ‘தாய் வேறு ஊரில் இருக்கிறது’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நீங்கள் ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள். அண்ணன் தம்பிக் குட்டிகள் நடத்தி முடிக்காத பாடத்தை இனி உங்கள் வீடுதான் நடத்த வேண்டும். கஷ்டம் இல்லை, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது துரத்திப் பிடிக்கிற விளையாட்டு ஆகிவிடும். கீறல் விழுவதும் பெரும்பாலும் இழுக்கும்போதுதான். கையை அப்படியே தளரவிட்டு, பேசாமல், முகத்தைக் கூடப் பார்க்காமல் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து, கடிக்கத் தகுந்த ஒரு பொருளை அதன் வாயில் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். பழைய துண்டை நனைத்து, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நல்ல கடிபொருள். ஈறுக்கும் இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மகன் ஓடினால் குட்டி துரத்தும், அது பிறவிக் குணம். லேப்ரடார் என்பது வேட்டையில் சுட்டு வீழ்த்திய வாத்தைத் தண்ணீரிலிருந்து வாயில் கவ்விக்கொண்டு வருவதற்காகவே பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். எதையாவது வாயில் வைத்துக்கொள்ளாமல் அதனால் இருக்க முடியாது. அது கடிக்க வரும்போது கைகளைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்க மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர் யாரும் இல்லாமல் இரண்டு பேரையும் தனியாக விடாதீர்கள். மூக்கில் தட்டுவது, வாயைப் பொத்திப் பிடிப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் கையைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொடுக்கும்.

அப்புறம், தூக்கம். சாயங்காலம் 6 மணியிலிருந்து 8 மணிவரை பைத்தியம் பிடித்தது போலக் கடிக்கிறதா? இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல விளையாடினால், தூக்கம் கெட்ட கைக்குழந்தை வீறிடுகிற மாதிரி குட்டி கடிக்கும். விளையாட்டைக் கால் மணி நேரத்தோடு நிறுத்தி, வெளிச்சம் குறைந்த மூலையில் படுக்கவிடுங்கள். பாதிக் கடி அதிலேயே குறையும்.

இப்போது மாடி அறை விஷயம். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது இதுதான். ‘ஊசி முடியும்வரை வெளியே விடாதீர்கள்’ என்று எங்களைப் போன்ற மருத்துவர்கள்தான் சொல்கிறோம். காரணம் உண்மையானது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஃபினாயிலுக்குச் சாகாது. ஆனால் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். தெரு மண்ணில் குட்டியின் கால் படக் கூடாது என்பதுதான் விதி. அது உலகத்தையே பார்க்கக் கூடாது என்பது அல்ல.

கணக்குப் பார்த்தால் புரியும். கூட்டுத் தடுப்பூசியை 3, 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரம் ஆன பிறகுதான் போடுகிறோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரைக்கும் சில குட்டிகளில் ஊசியை வேலை செய்யவிடாது. ஆனால் புதிய மனிதர், புதிய சத்தம் எதையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற மனசு மூன்றாவது வாரத்தில் திறந்து 14ஆவது வாரத்துக்குள் மூடத் தொடங்கிவிடும். ஊசி முடியும்வரை மாடியில் வைத்திருந்தால், கதவு மூடிய பிறகுதான் குட்டியைக் கீழே கொண்டுவருகிறீர்கள். ஆட்டோ, ஹெல்மெட், குடை, மேளச் சத்தம் எல்லாவற்றுக்கும் பயந்து குரைக்கிற பெரிய நாயாக அது வளரலாம். பயந்த நாய் கடிப்பது இப்போதைய விளையாட்டுக் கடி மாதிரி இருக்காது.

அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். தினமும் பத்து நிமிடம், இடுப்பில் வைத்தோ கூடையில் வைத்தோ தெருமுனை வரை. பால்காரர், பூக்காரம்மா, சீருடையில் காவலாளி எல்லோரையும் பார்க்கட்டும். ஸ்கூட்டரில் மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று. கோயில் ஊர்வலம் வந்தால் தூரத்தில் நின்று கேட்கட்டும், பயந்தால் இன்னும் பின்னால் தள்ளிப் போங்கள். வீட்டுக்குள்ளே மிக்ஸி, குக்கர் விசில் கேட்கிற இடத்தில்தான் அதன் படுக்கை இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் உள்ள நண்பர் வீட்டுக்குள் இறக்கிவிடலாம், அந்த வீட்டில் கடந்த ஒரு வருடத்தில் பார்வோ வரவில்லை என்றால். தெரு, பூங்கா, கால்நடை மருத்துவமனைத் தரை, இந்த மூன்றிலும் இறக்கவே கூடாது. மருத்துவமனையில் மடியிலேயே வைத்திருங்கள். நோயுள்ள குட்டிகள் வருகிற இடம் அது.

இதே காரணங்கள்தான் பயிற்சியாளருக்கும் எதிராக நிற்கின்றன. ஊசி முடியாத குட்டியைப் பத்து நாய் வந்துபோகிற கூண்டில் விடுவது பார்வோவுக்கு வழி காட்டுவது. 4 மாதம் என்பது அதன் குழந்தைப் பருவம் முழுவதும். அங்கே அது அவர் கைக்கு அடங்கக் கற்றுக்கொள்ளும். உங்கள் வீட்டு நைட்டி ஓரம், உங்கள் மகன், உங்கள் வாசல் எதுவும் அந்த வகுப்பில் இல்லை. பயிற்சியாளர் என்று பலகை மாட்ட நம் நாட்டில் எந்தப் படிப்பையும் யாரும் கேட்பதில்லை. கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் யாரும் இல்லை. இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து ‘முரடு’ என்று சொல்பவருக்கு ஒன்று குட்டியைப் பற்றித் தெரியவில்லை, அல்லது உங்கள் பயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பணம் கொடுத்துத்தான் உதவி வேண்டும் என்றால், வீட்டுக்கு வந்து உங்களுக்கும் மகனுக்கும் சொல்லித்தருபவரைத் தேடுங்கள். பையிலிருந்து கழுத்தை இறுக்கும் சங்கிலியை எடுத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கடைக்காரர் கால்சியம் சிரப்பைத் தலையில் கட்டியிருப்பார். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவு கொடுக்கிறீர்கள் என்றால் அது தேவையே இல்லை; கால்சியம் அதிகமானால் வளரும் எலும்பு கோணும். அதை நிறுத்துங்கள்.

இந்த வாரத்துக்குள் குட்டியையும் புரோக்கர் கொடுத்த ஊசி அட்டையையும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும், மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறும் தேதி மட்டும் பேனாவில் எழுதியிருந்தால், ஒரு ஊசியும் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்து 3 மாதம் ஆகும்வரை 15 நாளுக்கு ஒரு முறை. பல்லைப் பார்த்து உண்மையான வயதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிகளுக்கான தேதியை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.