மௌஸும் அசையவில்லையா? – கணினிக் கேள்வி பதில்

கே: எங்கள் கடையில் உபுண்டு கணினியில் பில் போடுவதற்கு சி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்று ஓடுகிறது. பார்கோட் ஸ்கேனரைக் கவனிக்கத் தனி த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) உண்டு. நாளுக்கு இரண்டு தடவையாவது முழுக் கணினியும் உறைகிறது, மௌஸ்கூட அசையாது. த்ரெட்களை உருவாக்கும் பித்ரெட் லைப்ரரியில் பிழையா?
– வாசகர், புறக்கோட்டை

ப: லைப்ரரியை விடுங்கள். இரண்டு த்ரெட்கள் ஒன்றின் லொக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) மற்றது காத்துக் கிடந்தால் பில் திரை மட்டுமே நிற்கும்; தூங்கும் த்ரெட் சிபியூவைத் தொடாது, மௌஸ் தாராளமாக ஓடும். உறைந்த நேரத்தில் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் நினைவகம் நிரம்பி ஸ்வாப்பில் (நினைவகத்துக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) அரைபடுகிறது என்று பொருள். எரியவில்லையென்றால், புரோகிராமை சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்துடன்) ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். ஸ்கேனர் த்ரெட்டுக்கு யாரோ ஃபிஃபோ என்ற நிகழ்நேர முன்னுரிமை (சாதாரண வேலைகளை முந்துவது) கொடுத்திருப்பார்கள். அது தானாகத் தூங்கும்வரை சிபியூவின் அந்தக் கோரில் சாதாரண வேலைக்கு இடமில்லை. ஸ்கேனர் வயர் கழன்றதும் தரவை வாசிக்கும் ரீட் கட்டளை காத்திராமல் பிழையோடு திரும்பும். லூப் நிற்காமல் சுற்றும். ஆனாலும் லினக்ஸ் இயல்பாக விநாடிக்கு 0.95 விநாடியைத்தான் இவ்வகை த்ரெட்களுக்குத் தரும். மீதி 5% நேரத்தில் திரை ஊர்வது உறைந்ததாகவே தெரியும். அந்த வரம்பை -1 ஆக்கியிருந்தால் அதுவும் கிடையாது.

உறுதிப்படுத்த ஒரு வழி: உறைந்ததும் ஆல்ட், பிரின்ட்ஸ்கிரீன், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நிகழ்நேர த்ரெட்கள் எல்லாம் சாதாரணமாகிவிடும். கணினி உயிர்பெற்றால் ஆள் அகப்பட்டார். ஆனால் உபுண்டுவில் சிஸ்ஆர்க்யூ (இத்தகைய அவசர விசைகளை அனுமதிக்கும் அமைப்பு) அளவு 176 என்றே வருகிறது; இந்த விசைக்கு 256 தேவை. இரண்டையும் கூட்டி, முன்கூட்டியே 432 ஆக மாற்றி வையுங்கள்.

பரிகாரம் சின்னது. ஃபிஃபோவை எடுத்துவிடுங்கள், கையால் காட்டும் பார்கோடுக்கு அந்த அவசரம் எதற்கு? ரீட் 0 அல்லது எதிர்மறை எண் தந்தால் சாதனத்தை மூடி, ஒரு விநாடி தூங்கி, திரும்பத் திறக்க வேண்டும். ஃபிஃபோ வேண்டியே தீருமென்றால் மியூட்டெக்ஸில் (லொக்கில்) முன்னுரிமை மரபுரிமையை (காத்திருக்கும் த்ரெட்டின் முன்னுரிமையை லொக்கை வைத்திருக்கும் த்ரெட்டுக்குத் தற்காலிகமாகத் தருவது) இயக்குங்கள். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அது இல்லாமல்தான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது.

கே: பல த்ரெட் உள்ள புரோகிராமில் ஃபோர்க் செய்தால் (ஓடும் புரோகிராமைப் பிரதியெடுத்தால்) புதுப் புரோசஸ் சிலவேளை நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

ப: ஃபோர்க்கை அழைத்த த்ரெட் மட்டுமே புதுப் புரோசஸில் இருக்கும். வேறொரு த்ரெட் பூட்டிவைத்த மியூட்டெக்ஸ் பூட்டியபடியே வந்து சேரும், திறக்க ஆளிருக்காது. ஃபோர்க் முடிந்த கையோடு வேறு புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்கை அழைத்துவிடுங்கள். இடையில் உங்கள் லொக் எதையும் தொடாதீர்கள்.