யார் யாரைப் பேச விடவில்லை? – கேள்வி பதில்

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புகளுக்கு இருபத்திரண்டு வருடம் அரசறிவியல் படிப்பித்தேன். விவாத அணியைப் பழக்கியதும் நான்தான். போன மாதம் பழைய மாணவர்கள் சிலர் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ‘வோக்’, பேச்சுச் சுதந்திரம், சகிப்பின்மை என்று வெளிநாட்டில் நடந்து ஒளிபரப்பான விவாதங்கள் சிலவற்றைச் சேர்ந்திருந்து பார்த்தோம். நேரம் போதவில்லை. மிச்சக் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். அவற்றுக்கான பதில்கள் இவை.

பரந்தன், உயர்தர மாணவி: ரீச்சர், ‘வோக்’ என்றால் என்ன? ஒருவர் அதைப் பெருமையாகச் சொல்கிறார், மற்றவர் ஏச்சாகச் சொல்கிறார்.

சொல் ஒன்றுதான் பிள்ளை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் ‘விழித்திரு’ என்று பொருள். 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பினப் பெடியன்கள், ரயிலில் இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்தார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டில் பிடிபட்டார்கள். ஸ்கொட்ஸ்பரோ வழக்கு என்பது இதுதான். அந்தப் பெடியன்களைப் பற்றி லெட் பெலி என்ற பாடகர் பாடியதன் 1938 ஒலிப்பதிவில், அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனமாக இருங்கள், விழித்திருங்கள் என்று சொல்கிறார்.

“சந்தியில நிக்கிறாங்கள், ஒழுங்கையால போ” என்று எங்கள் அம்மாமார் சொல்லிவிட்டது உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் கேள். அதே சொல்தான் இது, உயிருக்குப் பயந்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டது. 2014இல் ஃபெர்குசன் நகரில் ஒரு கறுப்பின இளைஞரைப் பொலிஸ் சுட்டுக் கொன்ற பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2017இல் ஒக்ஸ்போர்ட் அகராதியில் ஏறியது. அப்புறம், தொட்டதெல்லாம் குற்றம் பிடித்து மற்றவர் வாயை அடைக்கிறவர்கள் என்று கேலி செய்ய எதிர்த்தரப்பு அதையே எடுத்துக்கொண்டது.

தொலைக்காட்சியில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், அடுத்த வசனத்தில் ஓர் உதாரணம் தருகிறாரா என்று பார். தராவிட்டால் அது வெறும் ஏச்சு.

மல்லாவி, ஆசிரியர்: ரொறன்ரோ விவாதத்தில் உண்மையில் வென்றது யார்?

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘மங்க் விவாதங்கள்’ என்ற தொடரில் நடந்தது. பிறரைப் புண்படுத்தாத சொற்களைத்தான் பேச வேண்டும் என்ற போக்கை ‘பொலிட்டிகல் கரெக்ட்னஸ்’ என்கிறார்கள். ‘நீங்கள் பொலிட்டிகல் கரெக்ட்னஸ் என்று சொல்வதை நான் முன்னேற்றம் என்கிறேன்’ என்பது தலைப்பு. ஆதரித்தவர்கள் கறுப்பினப் பேராசிரியர் மைக்கேல் எரிக் டைசன், பத்தி எழுத்தாளர் மிஷெல் கோல்ட்பெர்க். எதிர்த்தவர்கள் உளவியலாளர் ஜோர்டன் பீட்டர்சன், நடிகரும் எழுத்தாளருமான ஸ்டீபன் ஃப்ரை. நடந்த நாள் 2018 மே 18.

திகதியைச் சொன்னதும் அன்று எல்லாரும் ஒரு கணம் பேசாமல் இருந்தோம். அதே நாள் நாங்கள் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றிக்கொண்டு நின்றோம். அந்த மண்டபத்தில் இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த நினைப்பை விட்டுவிட்டு அந்த விவாதத்தைப் பார்க்க முடியவில்லை.

விவாதத்துக்கு முதல் எடுத்த வாக்கில் ஆதரவு 36 வீதம், எதிர்ப்பு 64. முடிந்த பிறகு 30, 70. கணக்குப்படி எதிரணிக்கு வெற்றி. ஆனால் ஒரு விவாதப் பயிற்சியாளராக எனக்கு அதில் திருப்தி இல்லை. நால்வரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு விடயங்களைப் பற்றிப் பேசினார்கள். டைசன் பீட்டர்சனைக் கோபக்கார வெள்ளையன் என்று தாக்கியதும் மீதிப் பேச்சை அந்த ஒரு வசனமே இழுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் ஆதரவு அணி தோற்றது என்பது என் கணிப்பு. ஆளைத் தொட்டால் கருத்து விழுந்துவிடும் என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

எனக்குப் பிடித்தவர் ஃப்ரை. தன்பாலீர்ப்பாளர், பீட்டர்சனின் பல கருத்துகளோடு ஒத்துப்போகாதவர், ஆனாலும் அவருக்குப் பக்கத்தில் இருந்து பேசினார். இந்தப் போக்கு பயன் தரவில்லை, அதுதான் என் மறுப்பு என்றார். முழு அணியோடும் உடன்படாமலே ஓர் அணியில் இருந்து பேசலாம் என்பதை எங்கள் பிள்ளைகள் அவரிடம் பார்த்துப் பழகலாம்.

புதுக்குடியிருப்பு, கடை வைத்திருப்பவர்: பெரிய பத்திரிகைகளில் எழுதுகிற ஆட்களே “எங்களைப் பேச விடுகிறார்கள் இல்லை” என்று தொலைக்காட்சியில் வந்து சொல்கிறார்கள். கேட்க எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

சிரிப்பு வருவது நியாயம்தான் அண்ணை. ஆனால் சிரித்துவிட்டு விடாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒருவர் “நீ சொன்னது பிழை” என்கிறார். அது பதில். ஆயிரம் பேர் சேர்ந்து ஏசுகிறார்கள். அது வலிக்கும், ஆனாலும் பேச்சுக்குப் பேச்சு. கூட்டத்துக்கு அழைத்துவிட்டு வேண்டாம் என்கிறார்கள், வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். இப்போது பேச்சுக்குத் தண்டனை தொடங்கிவிட்டது. அதற்கு மேலே பொலிஸ் வருகிறது. அதற்கும் மேலே, போனவர் வீட்டுக்குத் திரும்புவதில்லை. மேற்கில் நடக்கும் இந்த விவாதங்களில் பெரும் குழப்பம், இந்தப் படிகள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதுதான். 2020 ஜூலையில் 153 எழுத்தாளர்களும் அறிஞர்களும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அமெரிக்காவில் வந்தது. கருத்து வேறுபாட்டைச் சகிக்காத போக்கு வளர்கிறது என்று எழுதினார்கள். அந்தக் கவலையில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் பேசியது பெரும்பாலும் நடுப்படிகளைப் பற்றி.

மேல்படி எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீமைத் தமிழ்க் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். வழக்கிலிருந்து விடுதலையானது 2023 டிசம்பரில். கவிதைக்குப் பத்தொன்பது மாதச் சிறை! 2009இல் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது, பக்கத்துக் கூடாரத்து அம்மா தன் மகனின் பெயரைச் சொல்ல வாயைக் குடத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அவவை யாரும் ஏசவில்லை. யாரும் விவாதத்துக்கு அழைக்கவுமில்லை.

கீழ்ப்படிகளையும் லேசாக நினைக்காதீர்கள். ‘கான்சல் கல்ச்சர்’ என்று அவர்கள் சொல்வதற்கு எங்கள் ஊரில் பழைய பெயர் உண்டு, தள்ளிவைத்தல். நல்லது கெட்டதுக்குச் சொல்லாமல் விடுவது. சாதி மாறிக் கலியாணம் செய்த வீட்டுக்கு அதைச் செய்தவர்கள் நாங்கள்தான், வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை.

வவுனியா, சட்ட மாணவர்: வெறுப்புப் பேச்சைச் சட்டத்தால் தடுத்தால் பிரச்சினை முடிந்துவிடாதா?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது தம்பி. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது, 15ஆம் உறுப்புரை இன, மத ஒற்றுமை, அவதூறு, குற்றத்தைத் தூண்டுதல் போன்ற காரணங்களைச் சொல்லி அதைக் குறைக்க இடம் விடுகிறது. 1983இன் 6ஆம் திருத்தம் தனிநாடு கேட்பதையே தடைசெய்தது. 2007இன் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையும் வன்முறையையும் தூண்டும் இன, மத வெறுப்பைக் குற்றமாக்குகிறது. வாசிக்கும்போது எங்களைப் போன்ற சிறுபான்மையினருக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனால் 2019இல் அதன் கீழ் உள்ளே போனவர் ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார. 2023இல் ஒரு நகைச்சுவைக் கலைஞர். 2024இல் இணையத்தில் பேசுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் 1969இன் பிராண்டன்பர்க் தீர்ப்புக்குப் பிறகு, உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கக்கூடிய நிலைமையும் இருந்தால்தான் அப்படிப்பட்ட பேச்சைத் தண்டிக்கலாம். அவ்வளவு தூரம் போக எனக்கு மனமில்லை. இங்கே கூட்டத்தில் பேசிய பேச்சு அடுத்த நாளே கடைகளை எரித்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். அதனால் சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது யார் கையில் இருக்கிறது, பிணை தரும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளில் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். சட்டத்தின் நல்ல பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தர்மபுரம், மாணவர்: பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரி இடதுசாரியா வலதுசாரியா?

அதிகாரம் கிடைத்த எவரும். அமெரிக்காவின் புளோரிடாவில் ‘வோக்’குகள் வாயை அடைக்கிறார்கள் என்று முழங்கிய வலதுசாரித் தரப்புத்தான் 2022இல் வகுப்பறையில் இனம் பற்றி எதைப் படிப்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அதே வருடம் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

முள்ளியவளை, இளைஞர்: சகிப்பில்லாதவனைச் சகிக்கக் கூடாது என்று தத்துவவாதி கார்ல் பொப்பர் சொன்னதாக விவாதத்தில் ஒருவர் சொன்னார். சரிதானே?

அரைவாசி சரி. 1945இல் தன் புத்தகத்தின் ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். ஆனால் அதே குறிப்பில், வாதத்தாலும் பொதுமக்கள் கருத்தாலும் அவர்களை எதிர்கொள்ள முடிகிற வரைக்கும் அடக்குவது புத்தியில்லாத வேலை என்றும் எழுதியிருக்கிறார். வாதத்தைக் கேட்க மறுத்து, கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்லப் பழக்குகிறவர்களைத்தான் அவர் பயந்தார். தொலைக்காட்சியில் முதல் பாதிதான் வரும்.

நீ முள்ளியவளையில் இருந்து கேட்கிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். உன் வீட்டிலிருந்து தண்ணீரூற்று எவ்வளவு தூரம்? 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லாரையும் புலிகள் வெளியேற்றியபோது அங்கிருந்த குடும்பங்களும் போயின. அது பிழை என்று அன்று வாய்திறந்து சொல்லக்கூடியவர்கள் எங்களில் எத்தனை பேர்? நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. சகிப்பில்லாதவன் யார் என்று விரல் நீட்டும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேள் தம்பி.

துணுக்காய், விவசாயி: விவாதத்தை நடத்துகிறவரே கத்துகிறார். எதைக் கேட்பது?

எங்கள் பிள்ளை ஒருத்தி செய்ததைச் செய்து பாருங்கள். கொப்பியில் நடுவே ஒரு கோடு போட்டாள். ஒருவர் வசனத்தை முடித்தால் இடப்பக்கம் ஒரு கீறு, இடையில் வெட்டினால் வலப்பக்கம் ஒரு கீறு. அரை மணித்தியாலத்தில் வலப்பக்கம் நிறைந்து மறுதாளுக்குப் போய்விட்டது, இடப்பக்கத்தை விரல்விட்டு எண்ணலாம். அப்படிப்பட்ட நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வயலுக்குப் போங்கள்.

கனகராயன்குளம், கோயில் விழாவில் பட்டிமன்றம் ஒழுங்கு செய்பவர்: இந்த மாதிரி விவாதம் எல்லாம் வெள்ளைக்காரரின் பழக்கம்தானே?

இல்லை ஐயா. மணிமேகலையின் முதல் காதையில், திருவிழாவுக்கு முரசறைகிறவன் எல்லாச் சமயவாதிகளையும் பட்டிமண்டபம் ஏறச் சொல்கிறான். அடுத்த அடியிலேயே, பகைவரோடானாலும் ‘செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். ஆத்திரமும் சண்டையும் பிடிக்காமல் விலகிப் போங்கள் என்று அர்த்தம். உங்கள் அடுத்த பட்டிமன்றத்தில் நடுவர் இதை முதலில் வாசிக்கட்டும்.

ஒட்டுசுட்டான், விவாத அணி மாணவன்: ரீச்சர், பழகுவதற்கு முதலில் எந்த விவாதத்தைப் பார்க்க வேண்டும்?

1965 பெப்ரவரி 18, கேம்பிரிட்ஜ் மாணவர் ஒன்றியம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வினும் பழமைவாத எழுத்தாளர் வில்லியம் பக்லியும் மோதியது. அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களின் செலவில் கட்டியதா என்பது கேள்வி. ஆம் என்று வாதாடியவர் போல்ட்வின். பிபிசி ஒளிபரப்பியது. போல்ட்வின் பக்கத்துக்கு 544 வாக்கு, மற்றப் பக்கத்துக்கு 164. போல்ட்வின் பேசும்போது சத்தம் உயரவில்லை. எங்கே நிறுத்தி மூச்சு விடுகிறார் என்று கவனி.

அதைப் பார்த்த பிறகு பக்லியின் வாதத்தை நீ எழுத வேண்டும். உனக்குப் பிடிக்காவிட்டாலும், அவர் வாசித்தால் “ஓம், நான் சொன்னது இதுதான்” என்று சொல்லக்கூடியதாக. ஒரு முறை எங்கள் அணியில் இரண்டு பெடியன்கள் நினைவேந்தலைப் பொது இடத்தில் செய்வதா வீட்டில் செய்வதா என்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் வாதத்தை மற்றவர் எழுத வைத்தேன். முதல் நாள் இருவரும் மூன்று வசனத்துக்கு மேல் எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் தாளை நீட்டினான், மற்றவன் வாசித்துவிட்டு ஒரு சொல்லை மட்டும் வெட்டித் திருத்தி, திருப்பிக் கொடுத்தான்.

போல்ட்வின் பேச்சுக்குத் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கொப்பியோடு வா.