திறந்தாலே வாரண்டி போய்விடுமா?

கேள்வி: லேப்டாப்பின் விசிறி அதிகமாகச் சத்தம் போட்டது. அடிமூடியைக் கழற்றித் தூசியைத் துடைத்து, அப்படியே இன்னொரு ரேம் நினைவகமும் மாட்டினேன். திருகின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்தது. நான்கு மாதம் கழித்து இப்போது திரையில் கோடு விழுகிறது. "ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது, வாரண்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மேல்தான் தப்பா?

தப்பே இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் உங்களுடையது, அதைத் திறந்து பார்க்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சர்வீஸ் சென்டர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: நீங்கள் செய்த வேலையால் திரை கெட்டதா? அதைக் கேட்காமல் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவு சொன்னது நியாயமில்லை.

ரேம் இருப்பது அடிப்பாகத்தில். திரையில் கோடு விழுவது பெரும்பாலும் திரைப் பலகத்தின் கோளாறு, இல்லாவிட்டால் கீல் வழியாக மேலே ஏறும் மெல்லிய கேபிள் தேய்ந்திருக்கும். ரேம் மாட்டுகிறவர் கை அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

அமெரிக்காவில் 1975-லேயே இதற்கு மேக்னசன்-மாஸ் சட்டம் வந்துவிட்டது. எங்கள் பாகத்தைத்தான் போட வேண்டும், எங்கள் ஆளிடம்தான் காசு கொடுத்துப் பழுது பார்க்க வேண்டும் என்பதை வாரண்டிக்கு நிபந்தனை ஆக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்த 'கிழிந்தால் வாரண்டி இல்லை' வகை எச்சரிக்கைகளுக்காக 2018-ல் அந்நாட்டில் வாடிக்கையாளர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக இனி தீர்வு கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக ஆப்பிளுக்கு நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த நெறிமுறையும் இதைத் தொடுகிறது. முன்பு வேறு யாரோ பழுது பார்த்தார்கள் என்பதை மட்டும் காட்டித் தயாரிப்பாளர் பழுது பார்க்க மறுக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவும், பிறகு ஓர் இணையதளமும் அமைத்தது. இணையதளம் தகவல் தரும், ஆனால் அது சட்டம் அல்ல. இப்படித் தனிச் சட்டம் இல்லாத இடங்களில் பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கைகொடுக்க வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். "திரைக் கோளாறுக்கும் ரேம் மாட்டியதற்கும் என்ன தொடர்பு என்று குறிப்பிட்டுத் தாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் "கிடையாது" என்று சொல்வது சுலபம், கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. பழைய ரேமை மட்டும் வைத்து இயக்கிப் பார்த்து, அப்போதும் கோடு விழுகிறதா என்று வீடியோ எடுத்து அதையும் இணையுங்கள். ஆனால் ஒன்று: திருப்புளி வழுக்கி உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகையில் (போர்டில்) கீறல் விழுந்து அதனால் ஏதாவது கெட்டிருந்தால், அந்தப் பழுதை அவர்கள் மறுப்பது சரிதான். அப்போதும் அந்தப் பழுதை மட்டும்தான் மறுக்கலாம்.

கேள்வி: கீழே விழுந்து போன் திரை உடைந்தது. அதே மாடல் பழைய போனிலிருந்து கழற்றிய அசல் திரையைத்தான் வெளியே மாட்டினேன். படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'அடையாளம் தெரியாத பாகம்' என்று செய்தி வருகிறது, வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறும் வசதியும் போய்விட்டது. மெக்கானிக் ஏமாற்றிவிட்டாரா?

அநேகமாக இல்லை. அவர் மேல் கோபப்படுவதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைய பல போன்களில் திரைக்கும் பேட்டரிக்கும் கேமராவுக்கும் தனித்தனி வரிசை எண் உண்டு. அந்தந்தப் பாகத்திலுள்ள சின்னச் சிப்பில் அது பதிந்திருக்கும். தொழிற்சாலையில் பூட்டும்போதே போனின் முக்கியப் பலகையான மதர்போர்டு அந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு வேறு எண்ணோடு ஒரு பாகம் வந்தால், அது அதே தொழிற்சாலையில் செய்த அசலாகவே இருந்தாலும், சில வசதிகளை அணைத்துவிடும். தொழிலில் இருப்பவர்கள் இதைப் 'பேரிங்' (இணைசேர்ப்பு) என்பார்கள். நிறுவனத்தின் மென்பொருள் அந்தப் புது எண்ணை ஏற்கும்வரை போனுக்கு அது அந்நியப் பாகம்தான். அதனால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் உடைந்த திரையை உடனே தூக்கி எறிய மாட்டார்கள். சின்னப் புரோகிராமர் பெட்டியில் செருகி, பழைய திரையின் தகவலைப் படித்துப் புதுத் திரையில் எழுதுவார்கள். உங்கள் பழைய திரை இன்னும் அவரிடம் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

2021-ல் ஐபோன் 13 வந்தபோது இது உச்சத்துக்குப் போனது. திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றது. அதை மீட்க வெளி மெக்கானிக்குகள் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒரு சிப்பைச் சாலிடர் எடுத்துப் புதுத் திரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, ஒரு மென்பொருள் அப்டேட்டிலேயே ஆப்பிள் அதைச் சரிசெய்தது. வன்பொருளில் எந்தத் தடையும் இல்லை என்பது அப்போதே தெரிந்துபோனது.

திருடிய போன்களைப் பிரித்து விற்பதைத் தடுக்கத்தான் இது என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். திருட்டு உண்மையான பிரச்சினை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்காக எல்லாப் பழைய பாகங்களையும் முடக்க வேண்டியதில்லை. 2024-ல் ஆப்பிளே பழைய அசல் பாகங்களை ஏற்கும் முறையை அறிவித்தது. தொலைந்ததாகக் குறிக்கப்பட்ட அல்லது உரிமையாளரின் கணக்கோடு பூட்டப்பட்ட போனிலிருந்து வந்த பாகத்துக்கு மட்டும் தடை. இந்த அளவுக்குத் தடுத்தால் போதும் என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலம் அதே 2024-ல் பேரிங் மூலம் பழுதுபார்ப்பைத் தடுப்பதைச் சட்டத்தாலேயே விலக்கியது.

கேள்வி: "பாதுகாப்புக்காகத்தான் திறக்கக் கூடாது என்கிறோம்" என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அது உண்மையா?

கொஞ்சம் உண்மை. அந்தக் கொஞ்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைகால் சம்பந்தப்பட்ட விஷயம். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உப்பிய பேட்டரியை நெம்பாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், துளை போட்டுக் 'காற்றை விட' முயலாதீர்கள். போனைத் திறந்து மூடினால் தண்ணீர் புகாமல் தடுக்கும் பசை புதிதாக ஒட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் மழைக்கு அது பழைய போன் அல்ல.

மற்றபடி? எஃப்.டி.சி. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், பழுதுபார்ப்பைத் தடுக்க நிறுவனங்கள் காட்டும் காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்று எழுதியது. பேட்டரி மாற்றுவதில் உள்ள ஆபத்தும் பெரும்பகுதி வடிவமைப்பால் வருவதுதான். பேட்டரியை அடியில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அதை எடுக்க ஹீட்டர் வைத்துச் சூடாக்கி, ஓரத்தில் வெளுத்து நீண்டிருக்கும் பசை நாடாவைச் சூயிங்கம் போல மெதுவாக இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் நெம்புகோல்தான் கதி, அங்கேதான் பேட்டரி வளைகிறது. இரண்டு திருகு போட்டிருந்தால் இந்தப் பயமே இருந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகளோடு, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். முடியாது என்று இத்தனை நாள் சொன்னவர்கள் இனிச் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: போன் சார்ஜ் ஏறவில்லை. "போர்டையே மாற்ற வேண்டும், அதற்குப் புதுப் போனே வாங்கலாம்" என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

வாங்குவதற்கு முன் போர்டு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நிறுவனச் சர்வீஸ் சென்டர்களில் பொதுவாகப் போர்டை அப்படியே மாற்றுவார்கள், அதில் இருக்கும் ஒரு கெபாசிட்டரை மாற்ற மாட்டார்கள். கெட்டிருப்பது பல நேரம் கடுகை விடச் சிறிய அந்த ஒன்றுதான். போர்டை மாற்றினால் அதில் சாலிடர் செய்திருக்கும் சேமிப்பகமும் போகும், பேக்கப் எடுக்காத படங்களும் சேர்ந்து போகும். அதற்கும் முன்னால், சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு அடைத்திருந்தால் போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம்.

எனக்கே இது நடந்தது. லேப்டாப்பில் ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை. விசைப்பலகை மேல்சட்டத்தோடு ஆணி அடித்தது போல ரிவெட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. ஒரு விசைக்காக மேல்சட்டம், அதில் ஒட்டிய பேட்டரி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். வெளியே ஒரு பெண் மெக்கானிக் விசையின் தொப்பியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துத் திரும்ப அழுத்தினார். இந்தப் பதிலை அதே விசைப்பலகையில்தான் தட்டுகிறேன்.

கேள்வி: அடுத்த போன் வாங்கும்போது இதையெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

கேமராவுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும். மாடல் பெயரோடு 'பேட்டரி மாற்றுவது' என்று தேடி, யாராவது பிரித்துக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். ஹீட்டரும் பசையுமாகத் தவிக்கிறார்களா, நான்கு திருகில் முடிகிறதா என்று கண்ணுக்கே தெரியும். பிரான்சில் 2021 முதல் போன், லேப்டாப், தொலைக்காட்சி போன்றவற்றுக்குப் பழுதுபார்க்க எவ்வளவு ஏதுவானது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டே விற்றார்கள். அதே மாடலுக்கு அந்த எண்ணைத் தேடினால் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், புது மாடல் போன்களுக்கு விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகம், குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்கள் வாங்கும் மாடல் அங்கேயும் விற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கடையில் நின்று, "இதன் திரை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" என்று கேளுங்கள். விற்கிறவர் பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.